ஆயிரமசலாவும் கேட்கும் பண்பும்

முன்னுரை

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் இரு பொருள் தரும். வினவுதலும் கேள்வி, செவிகொடுத்தலும் கேள்வி. வள்ளுவர் 42ஆம் அதிகாரத்திற்கு இப்பெயரைச் சூட்டியது பின்னைய பொருளில்தான். வினவியவன் விடையைச் செவிமடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. இவ்விரண்டும் பிரியுமிடத்தில் உரையாடல் வழக்காடலாகிவிடும். இவ்வுண்மையை விளக்கவல்ல நூலொன்று நம் மதுரை மாநகரிலேயே அரங்கேறியுள்ளது.

மதுரை கண்ட நூல்

வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரமசலா' 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் இதுவே காலத்தால் முற்பட்டது என்பர் ஆய்வாளர். 'மசலா' என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்வழி வந்தது. மதீனத்து யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தொடுத்த வினாக்களும் அவற்றிற்குப் பெற்ற விடைகளுமே நூற்பொருளாம். இவ்வுரையாடல் மரபு 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலும், பின்னர் மலாய், சாவகம் முதலிய மொழிகளிலும் வழங்கியது.

அரங்கேற்றம் என்பது அவையோர் தடை எழுப்பவும் ஆசிரியர் விடை பகரவும் இடந்தரும் மரபாகும். எனவே வினாக்களைப் பாடிய நூல், தானும் வினாவுக்கு உட்பட்டே அவையேறியது எனலாம்.

வினாவின் வகை

நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்துவர். அவற்றுள் அறிவினா, தான் விடை அறிந்திருந்தும் பிறர் அறிவாரா எனக் காண எழுப்புவது. அறியாவினா, தான் அறியாததை அறிய எழுப்புவது. இப்னு சலாம் முதலில் தொடுத்தவை அறிவினாக்களே. தம் வேதக் கல்வியைக் கொண்டு எதிரில் இருப்பவரின் உண்மையை அளந்தறிய விரும்பினார். ஆயினும் விடைகள் பொருந்தியபோது அதனை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. விடையால் தாம் மாற நேரலாம் என்பதற்கு இசைந்து வினவுவதே மெய்யான வினா.

விடை பகர்ந்தவர் நிலையும் நோக்கத்தக்கது. தம்மைச் சோதிக்கின்றார் என்று அவர் சினந்தாரில்லை. தம் கொள்கையை நெகிழ்த்தவுமில்லை. திறந்த மனம் என்பது கொள்கையற்ற மனமன்று என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய தேவை

மீனாட்சியம்மன் கோயிலும், காஜிமார் பெரிய பள்ளிவாசலும், தூய மரியன்னை பேராலயமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்த நகரம் நமது. ஆயினும் பல்லாண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும், அடுத்த வீட்டார் ஏன் நோன்பு நோற்கின்றனர், ஏன் முளைப்பாரி எடுக்கின்றனர் என்று ஒருமுறையேனும் கேட்டறியாதார் பலர். கேட்பவர் சிலரும், "நீங்களெல்லாம் ஏன் இப்படி?" என்றே தொடங்குகின்றனர். வடிவால் வினாவாயினும் பொருளால் அது குற்றச்சாட்டு. "இதனை உங்கள் வீட்டில் எவ்வாறு செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மறுமொழியின் குரலே மாறிவிடும்.

வகுப்பறையிலும் இந்நிலையே. தேர்வுத்தாள் முழுவதும் ஆசிரியரின் அறிவினாக்கள். மாணவர் எழுப்ப வேண்டிய அறியாவினாக்களோ அரியனவாகின்றன. 'இதுகூடத் தெரியாதா?' என்னும் ஒரு சொல் ஒரு மாணவனின் வாயை ஆண்டு முழுவதும் அடைத்துவிடும். ஐயங்கேட்கும் இளைஞரைப் பணிவற்றவர் எனக் கருதும் பெரியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இங்குக் கேட்க இயலாத வினாவை அவர் வேறெங்கேனும் கேட்பார். ஆங்கு விடை தருவோர் எத்தகையவர் என்பதை யாரறிவார்?

முடிவுரை

ஆயிரம் வினாக்களைத் தாங்கிய நூலை நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஏற்ற ஊர் மதுரை. அவ்வூரில் தமிழ் பயிலும் மாணவர், நாளொன்றுக்கு ஓர் அறியாவினாவேனும் பிறரிடம் எழுப்பி, விடை முடியும்வரை குறுக்கிடாது கேட்பாராயின், அதுவே அந்நூலை உண்மையில் கற்றதாகும்.