கோவா பைக் விழா: ஓட்டிப் போவதா, ரயிலில் ஏற்றுவதா?

கோவா வாகத்தோரில் நவம்பர் வாக்கில் நடக்கும் ராயல் என்ஃபீல்டு ‘மோட்டோவெர்ஸ்’ (பழைய ‘ரைடர் மேனியா’) விழாவுக்கு மயிலாப்பூரிலிருந்து சுமார் 900 கி.மீ. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் லீவு இருந்தால் ஓட்டியே போங்கள். சித்ரதுர்காவில் இரவு தங்கலாம். தி.நகர் டிராஃபிக்கில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு ரயில்தான் நல்லது.

சென்ட்ரல் பார்சல் அலுவலகத்துக்கு ஆர்.சி., அடையாள அட்டை நகல்களோடு போங்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். டேங்க், ஹெட்லைட் மீது சாக்கு சுற்றச் சொல்லுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது உத்தமம். பயண டிக்கெட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ ஆகப் போட்டால் செலவு கூடும், ஆனால் உங்கள் ரயிலிலேயே அனுப்பக் கேட்கலாம். ‘பார்சல்’ பிந்தலாம், சில நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கோவாவின் மட்காவ் ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்ரோல் பங்க் வரை தள்ளத்தான் வேண்டும்!

எப்படிப் போனாலும் மழைக்கோட்டை மறக்காதீர்கள். நவம்பரில் சென்னை திரும்பும்போது அடையாறில் என்ன காத்திருக்கும் என்று தெரியாதா?