ஆஸ்திகர் யார், நாஸ்திகர் யார்?

கோயிலுக்குச் செல்பவர் ஆஸ்திகர், செல்லாதவர் நாஸ்திகர் என்பது இன்றைய பேச்சு வழக்கு. சாஸ்திரங்கள் வகுத்த இலக்கணம் வேறு. ‘அஸ்தி’ என்றால் உண்டு. ‘நாஸ்தி’ என்றால் இல்லை. எது உண்டு, எது இல்லை? பாணினியின் சூத்திரத்திற்கு உரை கண்டவர்கள், மறுவுலகம் உண்டு என எண்ணுபவனே ஆஸ்திகன் என்றனர். மனுவோ, வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்றார். ஈசுவரனைப் பற்றிய பேச்சு இவ்விரண்டிலுமே இல்லை! ஆகவேதான், உலகைப் படைக்க ஈசுவரன் தேவையில்லை என்ற சாங்கியமும் மீமாம்சையும் ஆஸ்திக தரிசனங்களாயின. வினைப்பயனையும் மறுபிறவியையும் ஏற்ற சமணமும் பௌத்தமும் நாஸ்திக வரிசையில் வைக்கப்பட்டன.

இந்த அளவுகோல்கள் ஒரு மனிதரிடம் எப்படித் தடுமாறுகின்றன என்பதைப் பாலக்காட்டுச் சீமையில் காணலாம். தமிழக எல்லையை ஒட்டிய கொல்லங்கோட்டில் 1852-இல் பிறந்தவர் பிரம்மானந்த சுவாமி சிவயோகி. ஆலத்தூரில் சித்தாசிரமம் நிறுவியவர். 1918-இல் ஆனந்த மகாசபையைத் தொடங்கியவர். விக்கிரக வழிபாடு, தீர்த்த யாத்திரை, ஜாதி வேற்றுமை ஆகிய அனைத்தையும் அவர் கண்டித்தார். மன அமைதியே சொர்க்கம், அமைதியின்மையே நரகம், இவையன்றி வேறு சொர்க்க நரகங்கள் இல்லை என்பது அவர் போதனை. இதனால் அவரை நாஸ்திகர் என எழுதியோர் உண்டு. ஆனால் அவர் தம் சீடர்களுக்குக் கற்பித்ததோ ராஜயோகம்; ‘மோக்ஷப்ரதீபம்’ என்பது அவர் இயற்றிய நூலின் பெயர்! முக்தியை நாடியவரை எந்த வரிசையில் அமர்த்துவது?

எனவே ஒருவர் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றால், உடனே மறுத்துரைப்பது அறிவுடைமை ஆகாது. அவர் மறுப்பது சடங்கையா, ஜாதியையா, மறுபிறவியையா, ஈசுவரனையா என்று முதலில் கேட்டறிய வேண்டும். மூணாறு, பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காவடி எடுக்கும் அண்ணனும் செங்கொடி பிடிக்கும் தம்பியும் ஒரே வீட்டில் உண்டு உறங்குவது புதிதன்று. பொறுமையாகக் கேட்டால், தம்பி மறுப்பது முருகனை அன்று, பூஜையின் பெயரால் நடக்கும் வீண் செலவை மட்டுமே என்றுகூடத் தெரியவரலாம். மெய்யாகவே ஈசுவரனை மறுப்பவராயினும், அவருடைய சொல்லை அவர் கருதிய பொருளிலேயே ஏற்றுப் பேசுவது முறை. ‘உள்ளூர நீயும் பக்தன்தான்’ என்பது அன்பைப்போல் தோன்றும். உண்மையில் அது அவமதிப்பு.

1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாட்டைக் கூட்டிய ஸ்ரீ நாராயண குரு, அது வாதித்து வெல்வதற்கன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே என அறிவித்தார். அவருடைய சீடர் சகோதரன் ஐயப்பன் வெளிப்படையான நாஸ்திகர். ஜாதி, மதம், தெய்வம் ஆகியவை மனிதனுக்கு ஒன்றே என்று குரு கூறியதை, மூன்றுமே வேண்டாம் என்று ஐயப்பன் மாற்றி முழங்கினார். குரு அவரை விலக்கவில்லை. ஐயப்பனும் குருவை விட்டு அகலவில்லை.