பாடம் 6: மீட்கப்பட்ட மாலைப்பொழுது

நுழையுமுன்

பள்ளி முடிந்து வீடு திரும்புகிறீர்கள். சிற்றுண்டி உண்டு, சிறிது நேரம் விளையாடி, விளக்கேற்றும் வேளையில் வீட்டுப்பாடம் எழுத அமர்கிறீர்கள். இது மிக எளிய செயலாகவே உங்களுக்குத் தோன்றும். ஆயினும், இந்த மாலைப்பொழுது நம் நாட்டுச் சிறுமியர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இழந்த அப்பொழுதை அவர்களுக்கு மீட்டுத் தரும் பெண்கள் விடுதிகளைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

படிப்பு எப்படி நிற்கிறது?

சிற்றூர்ச் சிறுமி ஒருத்தியின் நாளை எண்ணிப் பாருங்கள். தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்தபின் பயில வேண்டிய பள்ளியோ சில கல் தொலைவில் இருக்கிறது. இடையில் ஓடையும் காடும் ஆளரவமற்ற பாதையும் உள்ளன. காலையில் தண்ணீர் எடுத்து வருதல், மாலையில் சுள்ளி பொறுக்குதல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், ஆடுகளைப் பட்டியில் அடைத்தல் ஆகியவை அவளுடைய பொறுப்புகள். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்று இருட்டிய பின்னரே திரும்புவர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் வேறு கைகள் இல்லை.

படிப்பு ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் வீட்டுப்பாடம் எழுதப்படாமற் போகிறது. எழுதாமற் செல்ல அஞ்சி ஒரு நாள் விடுப்பு எடுக்கிறாள். விடுப்பு எடுத்த நாளில் நடத்திய கணக்கு மறுநாள் புரிவதில்லை. புரியாத வகுப்பில் அமர்ந்திருக்க மனம் வருவதில்லை. நடவுக்காலத்தில் ஒரு வாரமும் அறுவடைக்காலத்தில் இரு வாரமும் கழிகின்றன. பின்னர் அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் வரையறுத்துள்ள போதிலும், படிப்பை விட்ட சிறுமிக்கு அவ்வயதுக்கு முன்பே மணம் பேசும் வழக்கம் பல இடங்களில் இன்னும் அற்றுப் போகவில்லை.

2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்நிலையின் விளைவை எண்களாகக் காட்டியது. நாட்டின் ஆண்களுள் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். பெண்களுள் அது ஏறத்தாழ 54 விழுக்காடு. சிற்றூர்ப் பெண்களை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 46 விழுக்காடே.

தங்கிப் பயிலும் வழி

பெண்கள் ஓரிடத்தில் தங்கிப் பயில வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டில் மும்பையில் ‘சாரதா சதன்’ என்னும் இல்லத்தைத் தொடங்கினார். தோண்டோ கேசவ் கார்வே 1896இல் புனேயில் கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். கடற்கரையோரம் உள்ள ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடம் அவர்களின் விடுதியாக விளங்கியது. வீட்டில் இருந்தால் பயில இயலாது என்ற நிலையிலிருந்த பெண்களுக்கு வீட்டிற்கு வெளியே ஒரு வீடு அமைத்ததே இம்மூவரும் செய்த பணி.

அப்பணியின் தொடர்ச்சியாக, நடுவண் அரசு 2004ஆம் ஆண்டில் ‘கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா’ என்னும் உண்டு உறைவிடப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. பெண் எழுத்தறிவு குறைந்த, கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் இப்பள்ளிகள் அமைக்கப்பட்டன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோரின் பெண்மக்களுக்கு 75 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 25 விழுக்காட்டில் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்துச் சிறுமியர்க்கு முன்னுரிமை தரப்பட்டது. தொடக்கத்தில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே இத்திட்டம் இருந்தது. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தின்கீழ் 12ஆம் வகுப்பு வரை விரிவாக்க வழி செய்யப்பட்டது.

இத்திட்டத்திற்குக் கஸ்தூர்பாவின் பெயர் பொருத்தமானதே. இளமையில் பள்ளி செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பதின்மூன்று வயதை ஒட்டியே அவருக்கு மணமாகிவிட்டது.

கூடி வாழ்தல்

இத்தகைய விடுதியில் நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. நீராடல், அறையைப் பெருக்குதல், இறைவணக்கம், காலை உணவு ஆகியவை முடிந்ததும் வகுப்புகள் தொடங்கும். மாலையில் விளையாட்டும், விளக்கு வைத்தபின் படிப்பு நேரமும் உண்டு. இரவு உணவுக்குப்பின் உறங்கச் செல்வர். விடுதிக் காப்பாளரை மாணவியர் ‘வார்டன்’ என்றே அழைப்பர். மூத்த மாணவியர் இளையோர்க்குத் ‘தீதி’ ஆவர். தமிழில் நாம் ‘அக்கா’ என்பது போன்றது அது.

விடுதி தரும் முதற்பாடம் பந்தியில் தொடங்குகிறது. வெவ்வேறு சாதியும் சமயமும் சார்ந்த சிறுமியர் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். தம் ஊரில் இன்னார் வீட்டில் தண்ணீர் அருந்தக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவளும், அந்த ‘இன்னார்’ வீட்டில் பிறந்தவளும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்குகின்றனர். இது முதல் நாளிலேயே இயல்பாகிவிடுவதில்லை. தட்டை நகர்த்தி வைப்பவரும் உண்டு. தனியே அமர்பவரும் உண்டு. நாள்தோறும் ஒருவர்க்கொருவர் பரிமாறியும், காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி கொண்டு கொடுத்தும், ஒரே கண்ணாடியின் முன் மாறி மாறித் தலை பின்னியும் அந்த இடைவெளி சிறிது சிறிதாகக் குறைகிறது.

வேலைகளைப் பங்கிட மாணவியர் குழுக்கள் உண்டு. உணவு, தூய்மை, தோட்டம், நூலகம், உடல்நலம் என ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு பொறுப்பு. சில மாநிலங்களில் இவ்வமைப்பைப் ‘பால் சன்சத்’, அதாவது குழந்தைகள் நாடாளுமன்றம் என்பர். உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் ‘மீனா மஞ்ச்’ என்னும் சிறுமியர் மன்றம் இயங்குகிறது. பருப்பில் தண்ணீர் மிகுந்துவிட்டது என்று கூட்டத்தில் எழுந்து சொல்லப் பழகும் சிறுமி, பின்னாளில் ஊர்க் கூட்டத்திலும் எழுந்து பேசுவாள்.

படிப்பிற்குத் துணை

விடுதியில் சேரும் எல்லாரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் 12 வயதில் வந்து சேர்கிறாள். அவளைச் சிறு குழந்தைகளோடு அமர்த்தினால் நாணி ஓடிவிடுவாள். ஆறாம் வகுப்பில் அப்படியே அமர்த்தினால் ஒன்றும் விளங்காது. எனவே முதலில் இணைப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கூறுகிறது.

பயிற்சியை நிலைக்கச் செய்வது மாலைப் படிப்பு நேரம். வீட்டில் அடுப்பும் குடமும் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மணி நேரம் இங்கே அவளுக்கே உரியது. ஒளி இருக்கிறது, அமர இடம் இருக்கிறது, ஐயம் எழுந்தால் கேட்க அருகில் ஒருத்தி இருக்கிறாள்.

அருகில் இருப்பவளின் உதவி ஆசிரியரின் உதவியிலிருந்து வேறுபட்டது. ஒரு கணக்கைச் சென்ற ஆண்டு கற்ற தீதிக்கு, அது எந்த இடத்தில் தடுக்கும் என்பது நன்றாக நினைவிருக்கும். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால், நான்கு மூன்றைவிடப் பெரிது என்பதால் 1/4 என்றே பலர் விடை கூறுவர். தீதி விதியைச் சொல்வதில்லை. “ஒரு ரொட்டியை மூவர் பகிர்ந்தால் உனக்கு எவ்வளவு கிடைக்கும்? நால்வர் பகிர்ந்தால் எவ்வளவு?” என்று கேட்கிறாள். விடை உடனே வந்துவிடுகிறது.

விடையைப் பார்த்து எழுதக் குறிப்பேட்டைக் கொடுப்பது உதவி ஆகாது. கேட்பவள் தானே அடுத்த அடியை எடுத்து வைக்கும்படி செய்வதே உதவி. கற்பிப்பவளுக்கும் இதனால் பயன் உண்டு. பிறர்க்கு விளக்க முயலும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது அவளுக்கே தெரிகிறது.

இரு மொழிகளுக்கு நடுவே

ஜார்க்கண்ட் மாநிலத்து விடுதி ஒன்றில் சந்தாளி, முண்டாரி, ஹோ, குரூக் முதலிய தாய்மொழிகளைப் பேசும் சிறுமியர் கூடி இருக்கக்கூடும். பாடநூலோ இந்தியில் உள்ளது. பாடம் கடினமா, பாடத்தின் மொழி கடினமா என்று பிரித்தறிய இயலாமல் புதிய மாணவி திகைக்கிறாள். அவ்வேளையில் அவளுடைய மொழி அறிந்த தோழி ஒருத்தி இரண்டு சொற்களில் பொருள் கூறினால் கதவு திறந்துவிடுகிறது.

வீட்டில் தமிழும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் மற்றொரு மொழியும் பேசும் உங்களுக்கு இத்திகைப்பு புதியதன்று. இன்னொரு செய்தியும் உண்டு. ஒராவோன் மக்கள் பேசும் குரூக், வட திராவிட மொழிகளுள் ஒன்று. நாம் ‘கண்’ என்பதை அம்மொழியில் ‘ஃகன்’ என்பர். அத்தொலைவில் உள்ள விடுதியில் பயிலும் அச்சிறுமியின் மொழி நம் மொழிக்கு உறவுடையது.

விடுமுறைக்குப் பின்

விடுதிகளில் குறைகளே இல்லை என்று கூற இயலாது. இடநெருக்கடி உள்ள விடுதிகள் உண்டு. கணக்கிற்கும் அறிவியலுக்கும் போதிய ஆசிரியர் அமையாத பள்ளிகள் உண்டு. முதல் சில வாரங்கள் வீட்டு நினைவால் அழாத புதியவள் அரியள். இவற்றைச் சீர்செய்வது காப்பாளர், அரசு, சமூகம் ஆகிய மூவரின் கடமை.

இவை எல்லாவற்றினும் கடினமான நாள் ஒன்று உண்டு. நீண்ட விடுமுறை முடிந்து விடுதி திறக்கும் நாள் அது. பெட்டியும் பையுமாகச் சிறுமியர் ஒவ்வொருவராக வந்து சேர்வர். காப்பாளர் பதிவேட்டில் குறியிட்டுக்கொண்டே வருவார். மாலையில் சில கட்டில்கள் வெறுமையாக இருக்கும். ஒருத்தி அறுவடைக்காக நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒருத்தியின் தாய் நோயுற்றிருக்கலாம். ஒருத்திக்கு மணம் பேசி முடித்திருக்கலாம்.

அக்கறையுள்ள காப்பாளர் அவ்விடத்தைக் காலி என்று எழுதிவிடுவதில்லை. அச்சிறுமியின் ஊருக்குச் செல்கிறார், பெற்றோரிடம் பேசுகிறார், சில வேளைகளில் அவளுடைய தோழியரையும் உடன் அழைத்துச் செல்கிறார். பெற்றோரிடம் சட்டத்தை எடுத்துரைப்பதும் பயன் தரலாம். ஆயினும், “இவள் இப்போது கடிதம் படிக்கிறாள், கடைக்கணக்குப் பார்க்கிறாள், இன்னும் இரண்டு ஆண்டு விடுங்கள்” என்னும் சொல் பல வீடுகளில் ஆழமாகச் சென்று சேர்கிறது. திரும்பி வந்தவளுக்கு, விடுபட்ட பாடங்களைத் தோழியர் மாலைதோறும் சொல்லித் தருகின்றனர்.

அருஞ்சொற்பொருள்

ஆளரவமற்ற – மனித நடமாட்டம் இல்லாத
சுள்ளி – காய்ந்த சிறு குச்சி
கைம்பெண் – கணவனை இழந்தவள்
உறைவிடம் – தங்கும் இடம்
பந்தி – உண்பவர் வரிசை
இடைநின்ற – படிப்பைப் பாதியில் விட்ட
அரியள் – காண்பதற்கு அரியவள்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. பண்டித ரமாபாய் ‘சாரதா சதன்’ இல்லத்தைத் தொடங்கிய ஆண்டு: 1869 / 1889 / 1896 / 2004
2. ‘குரூக்’ எம்மொழிப் பிரிவைச் சார்ந்தது? தென் திராவிடம் / நடுத் திராவிடம் / வட திராவிடம்

ஆ. பிரித்து எழுதுக.
உறைவிடம், மாலைப்பொழுது, எழுத்தறிவு, நாள்தோறும்

இ. எதிர்ச்சொல் எழுதுக.
தொலைவு, மூத்த, வெறுமை, திரும்பினாள்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிற்றூர்ச் சிறுமி மாலையில் படிக்க இயலாமைக்குக் காரணங்கள் யாவை?
2. இணைப்புப் பயிற்சி யாருக்கு, ஏன் தேவைப்படுகிறது?
3. குறிப்பேட்டைக் கொடுப்பது ஏன் உதவி ஆகாது?

உ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. “படிப்பு ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை” என்னும் கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. ஒரே பந்தியில் உண்பதும் ஒரே அறையில் உறங்குவதும் மனத்தில் உண்டாக்கும் மாற்றத்தை எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்
1. நேற்று மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை நீங்கள் செய்தவற்றை அட்டவணையாக எழுதுக. அருகில், உங்கள் வீட்டு வேலைகளை அதே நேரத்தில் செய்தவர் யார் என்பதையும் குறிப்பிடுக.
2. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கணக்கைக் கீழ் வகுப்பு மாணவர் ஒருவருக்கு விடையைக் கூறாமல், வினாக்கள் வழியாகவே விளக்குக. நீங்கள் கேட்ட வினாக்களை வரிசைப்படி எழுதிக் காட்டுக.
3. நீங்கள் விடுதியில் பயிலும் மாணவி எனக் கொள்க. விடுமுறைக்குப்பின் திரும்பி வராத தோழிக்கு ஒரு கடிதம் எழுதுக. அவளுடைய பெற்றோரும் அதனைப் படிக்கக் கேட்பர் என்பதை மனத்திற்கொண்டு எழுதுக.