வொறன்டிக் காலத்தில் எஞ்சின் போனால்: கொண்டச்சியிலிருந்து சில பாடங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் மன்னார் மாவட்டத்தில் எங்கள் முசலிப் பக்கத்தில் வொறன்டி பற்றிப் பேச ஆளில்லை. ஓடியவை பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்த வாகனங்கள். பழுதென்றால் பக்கத்துக் கராஜ், சாமான் தேவையென்றால் வவுனியா. இப்போது லீசிங்கில் புதுக் கார் எடுத்தவர்கள் கொண்டச்சியிலும் சிலாவத்துறையிலும் இருக்கிறார்கள். வொறன்டிப் புத்தகம் டாஷ்போர்ட் பெட்டிக்குள் பொலித்தீன் உறையோடு கிடக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர யாருமில்லை. நான் பட்டதைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

புது எஞ்சின் போகாது என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதத்தில் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 102,000 டன்ட்ரா, லெக்ஸஸ் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. தொழிற்சாலையில் எஞ்சினைக் கடைந்தபோது உள்ளே தங்கிய உலோகத் துகள் பெயாரிங்கைக் கெடுக்கலாம் என்பதே காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ் 6.2 லீற்றர் எஞ்சின் கொண்ட ஆறு இலட்சம் அளவிலான வாகனங்களை அதே நாட்டில் திருப்பி அழைத்தது. அதில் கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் றொட்டிலும் உற்பத்திக் குறை. ஆகவே, "இந்தக் கொம்பனி எஞ்சின் பழுதாகாது, நீங்கள்தான் ஏதோ செய்திருப்பீர்கள்" என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டியதில்லை.

என் காருக்கு மூன்று வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை வொறன்டி. முதல் வருடமே முடியவில்லை. அரிப்பு தாண்டி மன்னாருக்குப் போகும் வழியில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தது. கூடவே எஞ்சினின் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். கடைசியில் கொம்பனி ஒரு சதமும் வாங்காமல் எஞ்சினை மாற்றித் தந்தது. ஆனால் அதற்கு முன் மாதக்கணக்கில் இழுபறி. இழுபறி முழுவதும் ஒரே கேள்வியில்தான் நின்றது: பழுதுக்குக் காரணம் தயாரிப்பா, ஓட்டியவரா? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சான்றுகளில் பல முதல் ஒரு மணி நேரத்தில், தெருவோரத்திலேயே கிடைக்கின்றன.

விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள், திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

சிவப்பு ஒயில் விளக்கு ஒயிலின் அளவைச் சொல்வதல்ல, அழுத்தத்தைச் சொல்வது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பெயாரிங்குக்கும் நடுவில் மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான் இருக்கிறது. அழுத்தம் விழுந்தால் அந்தப் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். "ஊர் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் முழுதாகப் போவது ஒரு பக்கம். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினார் என்று கொம்பனி உங்கள் கோரிக்கையையே தள்ளிவிடலாம் என்பது இன்னொரு பக்கம். பெரும்பாலான வொறன்டிப் புத்தகங்களில் அப்படியொரு நிபந்தனை உண்டு.

வீதியில் நின்றால் உதவிக்கு வருகிற எல்லோரும் "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேப்பம்" என்பார்கள். எனக்கு வாய்த்த மெக்கானிக் தம்பி நேர்மாறாகச் சொன்னார்: "நானா, இனி சாவியையே திருப்பாதீங்க. இதை நான் திறந்தா உங்கட வொறன்டி போயிடும்." தன் கைக்கு வந்த வேலையை வேண்டாமென்று சொன்ன அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

வண்டி ஏறுமுன் போட்டோ எடுங்கள்

கரியரில் ஏற்றி அனுப்பிவிட்டால் கார் நம் கையை விட்டுப் போய்விடும். கொண்டச்சியிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் சுற்றிக் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அங்கே எஞ்சினைத் திறக்கும்போது நாம் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. ஆகவே கார் நம்மிடம் இருக்கும்போதே இவற்றை எடுத்து வையுங்கள்:

- ஓடிய கிலோமீற்றரும் எரியும் விளக்குகளும் சேர்ந்து தெரியும்படி டாஷ்போர்ட். இதற்கு சுவிட்சை மட்டும் போட்டால் போதும், எஞ்சினை இயக்கக்கூடாது.
- டிப்ஸ்டிக்கில் ஒயில் நிற்கும் அளவு.
- கூலன்ட் போத்தலின் மட்டம்.
- எஞ்சினின் அடிப்பக்கம், ஒயில் சம்ப்பில் அடிபட்ட காயம் இல்லையென்று தெரியும்படி.
- காருக்குக் கீழே தரை, ஒயில் சிந்தியிருக்கிறதா இல்லையா என்று.
- எயர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு படம்.

கடைசிப் படம்தான் என்னைக் காப்பாற்றியது. வேர்க்ஷொப்பில் பேசியவர் என் முகவரியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மன்னார்தானே சேர்? தண்ணிக்குள்ள விட்டிருப்பீங்க." எங்கள் பக்கத்து நிலைமை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாரியில் அருவியாறு பெருகினால் எங்கள் வீதிகளில் தண்ணீர் ஏறும். மறிச்சுக்கட்டியிலிருந்து வில்பத்துக் காட்டுக்குள்ளால் புத்தளம் போகும் பழைய பாதையில், கலா ஓயாவின் மேலுள்ள இலவன்குளம் சப்பாத்துப் பாலம் வெள்ளத்தில் மூழ்கும். அந்தத் தண்ணீருக்குள் காரை இறக்கினால் எஞ்சின் நீரை உறிஞ்சிவிடும். நீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் றொட் வளைந்துபோகும். அது தயாரிப்புக் குறையல்ல, வொறன்டியும் அதற்குக் கிடையாது.

ஆனால் தண்ணீர் எயர் ஃபில்டர் வழியாக உள்ளே போயிருந்தால் அடையாளம் இருக்கும். ஃபில்டர் கடதாசி நெளிந்திருக்கும், பெட்டியில் சேற்றுக்கோடு விழுந்திருக்கும். என் படத்தில் கடதாசி மடிப்பு மடிப்பாக விறைத்து நின்றது. மடிப்புகளுக்கு நடுவே எங்கள் செம்மண் தூசு மட்டும் காய்ந்து கிடந்தது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு தண்ணீர்க் கதை நின்றது.

கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள்

வேர்க்ஷொப்பில் காரைக் கொடுக்கும்போது ஜொப் கார்ட் எழுதுவார்கள். "எஞ்சின் பழுது" என்று ஒரு வரியில் முடிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது, உடனே நிறுத்தினேன், பிறகு இயக்கவில்லை என்று உங்கள் வாக்குமூலத்தை முழுதாக எழுதச் சொல்லுங்கள். பிரதியொன்று வாங்குங்கள்.

எஞ்சினைக் கழற்ற அனுமதி கேட்டு இன்னொரு கடதாசி வரும். வொறன்டி மறுக்கப்பட்டால் கழற்றிய கூலி உரிமையாளருடையது என்று அதில் இருக்கலாம். அந்தக் கூலி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பமிடுங்கள்.

காரணத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்

பற்றரியைக் கழற்றுமுன் காரின் கணினியை ஸ்கேன் பண்ணி அறிக்கையின் பிரதியைத் தரச் சொல்லுங்கள். பல பழுதுகளுக்கு, பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் கணினி குறித்து வைக்கும். பழுதுக் குறியீட்டை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். எஞ்சினைச் சூடேற விட்டு ஓட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அந்தத் தாளே பதில்.

ஒயில் மாதிரியை இரண்டு சுத்தமான போத்தல்களில் எடுத்து ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். சம்ப்பைத் திறக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு நேரில் போங்கள். முடியாவிட்டால் கொழும்பிலுள்ள உறவுக்காரர் யாரையாவது அனுப்புங்கள். நான் போயிருந்தேன். சம்ப்பின் அடியில் தேங்கிய ஒயிலை விரலால் தொட்டால் செம்பு நிறத்தில் மினுங்கியது. பெயாரிங் ஓடு தன் இடத்தைவிட்டுச் சுழன்று ஒயில் துவாரத்தை அடைத்திருந்தது. கனெக்டிங் றொட் எதுவும் வளையவில்லை. அதைப் பார்த்த பிறகு வேர்க்ஷொப் பொறியியலாளரின் பேச்சே மாறியது.

சேர்விஸ் பற்றுச்சீட்டுகளைக் காப்பாற்றி வையுங்கள்

நேரத்துக்கு ஒயில் மாற்றினீர்களா என்பதுதான் கொம்பனி கேட்கும் அடுத்த கேள்வி. திகதி, கிலோமீற்றர், ஒயிலின் தரம் (0டபிள்யூ-20 என்பதுபோல) மூன்றும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். வொறன்டி முடியும்வரை, தூரமானாலும் முகவரின் சேர்விஸ் நிலையத்துக்கே போங்கள். மழையால் வீதி மூடி சேர்விஸ் திகதி தள்ளிப்போனால், திகதி கடக்குமுன்பே மின்னஞ்சலில் அறிவித்துவிடுங்கள்.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் சொன்ன "இல்லை"க்குப் பெறுமதி கிடையாது. புத்தகத்தின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். கடிதம் போன பிறகு பலரும் நிதானமாகத்தான் பேசுவார்கள்.

எங்கள் கொண்டச்சிக் குடாவில் வெள்ளைக்காரர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இல்லையென்றால் அது வாங்கியவர் தலைவிதி. கார் வியாபாரம் அப்படியல்ல. விற்ற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறையிட இடம் தருகிறது. நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகார சபை உத்தரவிடலாம். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால் நாளைக் கடத்தாதீர்கள். அந்தக் காலம் கடந்திருந்தால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், நீதிமன்ற வழி தனியாக இருக்கிறது. அதிகார சபையின் துரித இலக்கம் 1977. தமிழும் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

புது எஞ்சின் வந்த பிறகும் வேலை இருக்கிறது

தருவது முழு எஞ்சினா, தலைப்பகுதி இல்லாத அடிப்பகுதி மட்டுமா என்று கேளுங்கள். பழைய எஞ்சினின் உலோகத் துகள் ஒயில் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருந்தால் புதியதையும் தின்றுவிடும். அவற்றை மாற்றினார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புது எஞ்சினுக்கு எவ்வளவு காலம் வொறன்டி என்பதையும் அப்படியே.

எஞ்சின் இலக்கம் மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்திலும் அதை மாற்ற வேண்டும். அதற்கான பத்திரங்களை முகவரிடமே கேட்டு வாங்குங்கள். லீசிங் கார் என்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கொம்பனிதான். அவர்களுக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் அறிவிக்காமல் விட்டால் பிறகு விபத்து நட்டஈட்டில் சிக்கல் வரும். கார் வேர்க்ஷொப்பில் கிடந்தாலும் லீசிங் தவணை நிற்காது. எனவே மாற்று வாகனமோ, வொறன்டிக் கால நீடிப்போ வேண்டுமென்று முகவரிடம் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஜப்பானில் ஓடிய காரை இறக்குமதிக்காரரிடம் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பெரும்பாலும் தயாரித்த கொம்பனியின் வொறன்டி இல்லை. விற்றவர் எழுதித் தருவது மட்டும்தான். எஞ்சின், கியர், ஹைபிரிட் பற்றரி ஆகியவற்றில் எது எவ்வளவு காலத்துக்கு அடங்கும் என்று காசு கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்.

முகவர்களுக்கும் ஒரு கோரிக்கை. மன்னார் மாவட்டத்தில் கார் விற்கிறீர்கள், எங்கள் மக்கள் தவணை தவறாமல் கட்டுகிறார்கள். வொறன்டிப் புத்தகத்தைத் தமிழிலும் தாருங்கள். மாதம் ஒரு தடவையாவது நடமாடும் சேர்விஸ் வண்டியொன்றை மன்னாருக்கு அனுப்புங்கள். புதுக் கார் வைத்திருப்பவர்கள் இன்றே அந்தப் பொலித்தீன் உறையைக் கிழித்து, நிபந்தனைப் பக்கத்தைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள்.