குடும்பத்திற்கு ஏர் ரைபிள்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு பொருளின் விலை வேறு. அதை வைத்திருக்கும் செலவு வேறு. முத்திரை இல்லாத தராசு மலிவாகக் கிடைத்தாலும் நாம் வாங்குவதில்லை. குறி பார்த்துச் சுடும் பொழுதுபோக்கிற்காகத் துப்பாக்கி வாங்குவதிலும் இதே கணக்குதான்.

கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை கடற்கரைச் சாலையில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களில் சிலருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கும் ஆசை இருக்கும். மாசி மகத்தில் பலூன் சுட்ட அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கொள்முதலுக்குப் போகக் கூடாது.

1. உரிமம் எதற்குத் தேவை?

வெடிமருந்துத் தோட்டா போடும் எந்தத் துப்பாக்கிக்கும், சிறிய .22 ரைபிளுக்கும்கூட, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தல் என்று அலைச்சல் உண்டு. வீட்டுப் பொழுதுபோக்கிற்கு இது கட்டுப்படியாகாது.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு (.177) மேற்படாமலும், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் தேவை. .22 அளவு ஏர் ரைபிளும் அப்படியே. புதுச்சேரி எல்லையைத் தாண்டி வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான்.

2. ஆற்றல் கணக்கு

குண்டின் எடையைக் கிராமில் எழுதுங்கள். வேகத்தை (வினாடிக்கு மீட்டர்) அதே எண்ணால் பெருக்கி, எடையாலும் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும்.

உதாரணம்: அரை கிராம் குண்டு, வேகம் 250 மீட்டர் என்றால் 15.6 ஜூல். வரம்புக்குள் இருக்கிறது. அதே குண்டு 300 மீட்டர் வேகத்தில் போனால் 22.5 ஜூல். வரம்பு மீறிவிட்டது.

ஆகவே "வினாடிக்கு ஆயிரம் அடி வேகம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அது எந்த எடைக் குண்டுக்கு என்று கேளுங்கள். போட்டிக்கான ரைபிளின் ஆற்றலே ஏறத்தாழ 8 ஜூல்தான். 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் தேவையில்லை. வேகம் கூடினால் குறி தவறுவதும் ஆபத்தும்தான் கூடும்.

3. எதை வாங்குவது?

போட்டி ரைபிள்களில் வெளிநாட்டுச் சரக்கு லட்சத்தைத் தாண்டும். தொடங்குபவருக்கு அது வேண்டாம். குழலை மடித்து அழுத்தும் சுருள்வில் வகை, உள்நாட்டுத் தயாரிப்பில் சில ஆயிரம் ரூபாய் முதல் கிடைக்கிறது. பார்த்து வாங்க வேண்டியவை:

• மடிக்கும் குழல் பூட்டிய பின் ஆட்டம் காணக் கூடாது.
• விசைக்குப் பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டும்.
• வீட்டில் மிகச் சிறியவர் தோளில் வைத்துத் தாங்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும்.
• உதிரிச் சுருள்வில்லும் வாஷரும் கிடைக்க வேண்டும்.
• துளை அளவும் வரிசை எண்ணும் குறித்த பில் அவசியம். ஆற்றல் அளவைத் தயாரிப்பாளர் சான்றில் பாருங்கள். பில் இல்லாத பழைய சரக்கைத் தொடாதீர்கள்.

பிள்ளை போட்டிக்குப் போக விரும்பினால் முதலில் ரைபிள் கிளப்பில் சேர்த்துச் சில மாதம் பாருங்கள். ஆர்வம் நிலைத்த பிறகு வாங்கலாம்.

4. மீதிப் பணம் எங்கே போக வேண்டும்?

துப்பாக்கியில் மிச்சம் பிடித்ததைப் பாதுகாப்பில் போடுங்கள். சுடுபவருக்கும் பார்ப்பவருக்கும் கண்ணாடி வேண்டும். பழைய செய்தித்தாள் கட்டுகளை இறுக்கித் திணித்த மரப்பெட்டி குண்டைத் தாங்கும். அதன் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும். கடற்கரை, சவுக்குத் தோப்பு, தெரு ஆகிய பக்கம் ஒருபோதும் சுடாதீர்கள். தவறிய குண்டு இருநூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். ஆள் இல்லை என்று நாம் நினைக்கும் மணலில் வலை உலர்த்துபவர் இருப்பார். இரும்புக் குண்டு தெறித்துத் திரும்பும். ஈயக் குண்டே நல்லது.

ஆனால் ஈயம் நஞ்சு. மளிகைக் கடைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. குண்டு டப்பாவைக் கடைச் சரக்கோடு வைக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பருப்பையோ அரிசியையோ தொட வேண்டும்.

உப்பளக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுட்டு முடித்ததும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். காற்று அடைபடும் அறைக்குள் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. அழுத்தச் சூட்டில் பற்றி வெடித்துச் சுருள்வில்லைக் கெடுக்கும். அழுத்திய நிலையில் துப்பாக்கியை வைக்கவும் வேண்டாம். துப்பாக்கியும் குண்டும் வேறு வேறு பூட்டில், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும்.

5. பறவை இலக்கு அல்ல

நமக்கு வடக்கே கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கு வெளியே சுட்டாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் பாயும். துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது அங்கே பயன்படாது. அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அழிவதைக் கண்டு, 2021 மார்ச்சில் மக்களே ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. நம் பகுதிக்கு அந்த நிலை வர வேண்டாம்.

6. கடைக்காரர் கவனத்திற்கு

வசூல் பணத்திற்குக் காவலாக ஏர் கன் வைத்துக்கொள்வது தவறான யோசனை. அது திருடனைத் தடுக்காது. அவன் ஆயுதத்தை எடுக்கத்தான் தூண்டும். ஏர் கன்னை விற்பனைச் சரக்காக வைக்க நினைப்பவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெளிவு பெற்ற பிறகே இறங்க வேண்டும்.

4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள், பில்லோடு, பூட்டோடு, பின்சுவரோடு: இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் மலிவு. ஒன்று குறைந்தாலும் அது நஷ்ட வியாபாரம்.