கட்டிட வேலையும் ஏரி வரத்தும்

பள்ளிக்கூடம், நெல் களம், சாலை, சிறு பாலம் எனப் பல பொதுப்பணிகள் நம் கிராமங்களில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. இவை யாவும் ஊரின் முன்னேற்றத்திற்கு இன்றியமையாதவை. ஆயினும், ஊர் நன்மைக்காக எழும் கட்டிடமே ஊர் ஏரியைத் தூர்த்துவிடுமானால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகும். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் மண்ணையும் மழை நீரையும் அடக்கி ஆளும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

மண் எவ்வாறு கரைகிறது?

புல்லும் பூண்டும் மூடிய நிலத்தில் மழைத்துளி மெல்ல இறங்குகிறது; வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கின்றன. அஸ்திவாரம் தோண்டுவதற்காக அம்மூடாக்கை நீக்கியதும், துளிகள் நேரே மண்ணில் மோதி அதை உடைக்கின்றன. உடைந்த மண்ணை ஓடும் நீர் அள்ளிச் செல்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் வலிமை நான்கு மடங்காகும்.

எடுத்துக்காட்டாக, அரை ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் ஏறத்தாழ 1,00,000 லிட்டர். அதில் ஒரு பகுதி நிலத்தில் இறங்கினும், எஞ்சியது பள்ளம் நோக்கி ஓடும். அந்நிலத்தில் 1 மில்லிமீட்டர் கனத்திற்கு மட்டும் மண் கரைந்தாலும், 2 கன மீட்டர் மண் வரத்துக்காலைச் சென்றடையும். வரத்துக்கால் மேடிட்டால் ஏரிக்கு நீர் வருவது குறையும். ஏரி மேடிட்டால் தேங்கும் நீர் குறையும். முதலில் வாடுவது கடைமடை விவசாயியின் பயிரே.

‘வண்டல் நிலத்திற்கு உரமன்றோ?’ எனச் சிலர் கேட்கலாம். மேல்மண்ணும் மக்கிய தழையும் சேர்ந்த ஏரி வண்டல் வேறு. அஸ்திவாரத்தின் ஆழத்திலிருந்து எடுத்த சத்தற்ற அடிமண் வேறு. பின்னது கால்வாயை அடைக்குமேயன்றிப் பயிரை வளர்க்காது.

செய்ய வேண்டியவை

1. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆதலின், மண் வேலையைப் பருவமழைக்கு முன்பே முடித்தல் நலம். உடனே வேலை செய்யும் பகுதியை மட்டும் வெட்டித் திறக்க வேண்டும்.

2. மேட்டுப்புறத்திலிருந்து வரும் நீர் வேலையிடத்தில் நுழையாதவாறு வரப்பும் வாய்க்காலும் அமைத்து, அதைப் புல் நிறைந்த தரைவழியே திருப்பிவிடுக.

3. மண், மணல் குவியல்களை ஓடைக்கும் சாக்கடைக்கும் அப்பால் வைத்துத் தார்ப்பாயால் மூடுக. மேல்மண்ணைத் தனியே சேமித்து, வேலை முடிந்தபின் மேலே பரப்புக.

4. பள்ளப்புறத்தில் முளைகளை நட்டு, கெட்டியான சாக்குத்துணியைக் கட்டுக. துணியின் அடிப்பகுதி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்திருத்தல் அவசியம். இன்றேல் நீர் அடியில் புகுந்து ஓடிவிடும். இத்தடுப்பு பரவலாக வரும் நீருக்கே ஏற்றது. ஓடையின் குறுக்கே கட்டினால் வெள்ளம் அதைச் சாய்த்துவிடும்.

5. நீர் ஒருமுகமாக வெளியேறும் இடத்தில் வண்டல் குழி ஒன்று வெட்டுக. அதன் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கேனும் இருந்தால் நீர் நிதானமாக நகரும். மணல் அடியில் தங்கும். நுண்ணிய களிமண் எளிதில் படியாது. ஆகவே, மண்ணைக் கரையவிடாமல் காப்பதே முதல் வழி. குழந்தைகள் தவறி விழாதபடி குழியைச் சுற்றி வேலி இடுதல் வேண்டும்.

6. சிமெண்டு கழுவிய நீர் காரத்தன்மை உடையது; மீன்களுக்குக் கேடு செய்யும். அதை ஓடையில் விடலாகாது.

7. வேலை முடிந்த சரிவுகளில் வைக்கோல் பரப்பி, அருகம்புல்லோ வெட்டிவேரோ நடுக.

பஞ்சாயத்தின் பொறுப்பு

இவற்றிற்கு வேண்டிய செலவை மதிப்பீடு தயாரிக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். வேலையைத் தொடங்கிய பின்னர் கேட்டால், ‘கணக்கில் இல்லை’ என்ற பதிலே ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அங்கத்தினர் ஒருவர் நேரில் சென்று பார்த்தல் நலம். தடுப்பில் பாதி உயரத்திற்கு மண் சேர்ந்திருந்தால் அதை உடனே அகற்றச் செய்ய வேண்டும். அகற்றிய மண்ணை மீண்டும் ஓடைக்கரையிலேயே கொட்டுவதால் பயனில்லை.

வேலையிடத்தில் மண்ணைத் தடுக்கச் சில சாக்குகளும், முளைகளும், இரண்டொரு நாள் உழைப்பும் போதும். அம்மண் ஏரியில் பரவிய பின் அதை எடுக்க இயந்திரமும், பெரும் பொருளும், தண்ணீர் வற்றும் காலமும் வேண்டும். அடுத்த பொதுப்பணிக்கு இடம் குறிக்கும்போதே, அங்கு விழும் மழை நீர் எவ்வழியே ஓடி எந்த ஏரியைச் சேரும் என்பதையும் பஞ்சாயத்தார் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்களாக.