ஓர் உடல், இரண்டு வரிசைகள்

நம் பாடநூல்களில் காசநோய், காற்றின் வழியாகப் பரவும் நோய்களோடு வருகிறது. எய்ட்ஸ் வேறொரு தலைப்பின்கீழ் வருகிறது. ஒன்று பாக்டீரியா, மற்றொன்று வைரஸ். பரவும் வழி வேறு, மருந்து வேறு. பாடம் நடத்தவும் வினாத்தாள் தயாரிக்கவும் இந்தப் பிரிவினை வசதியானதுதான். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் இதே பிரிவினையோடு மருத்துவமனைகள் இயங்கியபோது, இரண்டு நோயும் சேர்ந்தே வந்த ஏராளமானோர் இரண்டு துறைகளுக்கும் நடுவில் உயிரிழந்தார்கள். இரண்டு சேவைகளையும் ஒன்றாகக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் யார், அவர்கள் எதைக் காட்டி வாதாடினார்கள், என்ன கிடைத்தது என்பதை உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் அறிவியலும் சமூக அறிவியலும் கலந்த ஒரு பாடமாக நடத்தலாம். தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி உண்டு. அது கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது.

உடலுக்குள் நடப்பது

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை? நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்துகொண்டு, ஒரு சிறு கோட்டை எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவைக்கின்றன. இந்தக் காவலை நடத்துவதில் சி.டி.4 என்னும் அணுக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. எச்.ஐ.வி. தேடிப்பிடித்து அழிப்பது இதே அணுக்களைத்தான். காவல் தளர்ந்ததும் அடைபட்டுக் கிடந்த கிருமி வெளியே வருகிறது. காசநோயும் சும்மா இருப்பதில்லை. அது எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுவதால், அவற்றுக்குள் எச்.ஐ.வி. இன்னும் வேகமாகப் பெருகுகிறது.

இதுவரை மாணவர்களுக்கு எளிதில் புரிந்துவிடும். அடுத்த செய்தியைச் சற்று நின்று விளக்க வேண்டும். காசநோயைக் கண்டறிய நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்த வழி, சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது. 1882-இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்த காலத்திலிருந்து வரும் முறை அது. சளியில் கிருமி நிறைய வர வேண்டுமானால் நுரையீரலில் குழிகள் விழுந்திருக்க வேண்டும். அந்தக் குழிகள் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு நடத்தும் போரினால் உண்டாகின்றன. எச்.ஐ.வி. முற்றியவரிடம் போரிட ஆள் இல்லை. ஆகவே குழியும் இல்லை, சளியில் கிருமியும் குறைவு. நோய் உடலெங்கும் பரவியிருக்கும்போதே நுண்ணோக்கி 'இல்லை' என்று சொல்லிவிடும். மார்பு எக்ஸ்ரேயும் பல நேரங்களில் தெளிவாகக் காட்டாது. யாருக்கு மிக அவசரமாகச் சிகிச்சை தேவையோ, அவரைத்தான் சோதனை வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுகிறது. விளைவாக, சில எச்.ஐ.வி. மருந்துகள் வேலை செய்வதற்கு முன்பே உடலில் சிதைந்துவிடுகின்றன. இன்று பரவலாகத் தரப்படும் டொலுடெக்ராவிர் வழக்கமாக நாளுக்கு ஒரு மாத்திரை. ரிஃபாம்பிசின் எடுத்துக்கொள்பவருக்கு அதை இரண்டு வேளையாகத் தர வேண்டும். இந்த அறையில் என்ன மருந்து எழுதினார்கள் என்பது அந்த அறைக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்களையே கேட்டுப் பாருங்கள்.

இரண்டு துறைகள், இரண்டு பழக்கங்கள்

காசநோய்த் திட்டங்கள் பழையவை. சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை பரவியவை. செவிலியர் நடத்துபவை. இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைந்தார்கள் என்று 1959-இல் காட்டியது. ஏழை நாடுகளில் படுக்கை இல்லாமலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்ற துணிவு அதிலிருந்து வந்தது. பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்க உதவின.

எச்.ஐ.வி. சிகிச்சை ஆப்பிரிக்காவுக்கு 2000-க்குப் பிறகுதான் பரவலாக வந்தது. அது பெரிய மருத்துவமனைகளில், மருத்துவர்கள், ஆலோசகர்கள், வெளிநாட்டு நிதி ஆகியவற்றோடு வந்தது. தனிப் பதிவேடு, தனி அட்டை, தனி நாள். காசநோய்ப் பிரிவில் நோயாளி மாத்திரையை விழுங்குவதை ஒருவர் கண்காணிப்பார். எச்.ஐ.வி. பிரிவில் நோயாளியின் சம்மதம், இரகசியம், உரிமை ஆகியவையே பேச்சு. இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்கா போன்ற நாட்டில் காசநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் நின்றார். பலர் இரண்டாவது வரிசை வரை போய்ச் சேரவில்லை.

கேட்டவர்கள்

ஜாம்பியாவைச் சேர்ந்த வின்ஸ்டன் ஜூலு, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தம் நாட்டில் முதன்முதலாக வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர். அவருக்குக் காசநோயும் வந்தது. மருந்து கிடைத்ததால் பிழைத்தார். அவருடைய சகோதரர் நால்வர் காசநோயில் இறந்தார்கள். எய்ட்ஸுக்கு அப்போது அங்கே மருந்து கிடைப்பது அரிது. காசநோய்க்கோ மலிவான மருந்து பல ஆண்டுகளாகவே இருந்தது. அது இருந்தும் தம் சகோதரர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே அவர் நாடு நாடாகச் சென்று கேட்ட கேள்வி. 2004 ஜூலையில் பாங்காக்கில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் அவரோடு நெல்சன் மண்டேலாவும் சேர்ந்துகொண்டார். 1988-இல் சிறையில் இருந்தபோது மண்டேலாவுக்குக் காசநோய் கண்டறியப்பட்டு, முழுமையாகக் குணமானது. காசநோயை விட்டுவிட்டு எய்ட்ஸை வெல்ல முடியாது என்று அவர் அந்த மேடையில் வாதாடினார். அடுத்த ஜனவரியில் அவருடைய மகன் எய்ட்ஸால் இறந்தபோது, காரணத்தை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார்.

புகழ்பெற்றவர்கள் பேசினால் செய்தி வரும். அன்றாட வேலையைச் செய்தவர்கள் வேறு. கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷா என்னும் குடியிருப்பில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001-இல் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கியது. 2003-இல் அங்குள்ள உபுண்டு மருத்துவ நிலையத்தில் காசநோய்ப் பிரிவும் எச்.ஐ.வி. பிரிவும் இணைக்கப்பட்டன. அதே காலத்தில், 1998-இல் தொடங்கிய 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' என்ற மக்கள் அமைப்பு வழக்கு, ஊர்வலம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் செய்தது. ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். நோயாளிகளிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலேயே பாடம் நடத்த வைத்தார்கள். சி.டி.4 என்றால் என்ன, எந்த மாத்திரை என்ன செய்யும், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பவை பாடங்கள். அதிகம் படித்திராதவர்கள்கூட மருந்தின் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார்கள்.

சேர்த்தால் வரும் ஆபத்து

இந்த இடத்தில் பாடத்தைச் சற்றுச் சிக்கலாக்குவது நல்லது. இல்லாவிட்டால் அது வெறும் பிரசாரம் ஆகிவிடும். காசநோயாளிகளையும் எச்.ஐ.வி. உள்ளவர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? காசநோய் காற்றில் பரவுவது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்தான் அதற்கு எளிதில் இலக்காவார்.

2005-06 காலத்தில் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் டுகேலா ஃபெரி என்ற கிராமப்புற ஊரில் இது நேர்ந்தது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து அவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் இடைநிலை அளவு 16 நாட்கள். எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்டவர்கள் அனைவருக்கும் தொற்று இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே நோய் பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சேவைகளை இணைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இந்த உண்மையைத் தட்டிக் கழிக்கவில்லை. சன்னல்களைத் திறந்துவைப்பது, காத்திருக்கும் இடத்தைக் காற்றோட்டமான வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, இருமுபவரை முதலில் பார்த்து அனுப்புவது ஆகியவற்றையும் கோரிக்கையில் சேர்த்தார்கள். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் சன்னலைத் திறக்க வைப்பதற்குக்கூட ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

எண்கள் பேசியபோது

இரண்டு சிகிச்சையையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் உடல் தாங்காது என்ற அச்சம் மருத்துவர்களிடம் இருந்தது. ஆறு மாதம் காசநோயை முடித்துவிட்டு எச்.ஐ.வி. மருந்துக்குப் போகலாம் என்றார்கள். இந்திய வம்சாவளியினரான சலீம் அப்துல் கரீம் தலைமையில் டர்பனில் 642 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதைத் தீர்த்துவைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடையே இறப்பு விகிதம் 56 விழுக்காடு குறைவு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், காத்திருக்க வைக்கும் பிரிவு 2008 செப்டம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முழு முடிவு 2010-இல் வெளியானது.

உலக சுகாதார நிறுவனம் கூட்டுப் பணிகளுக்கான கொள்கையை 2004-லேயே வெளியிட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 2009 டிசம்பர் 1 அன்று அதிபர் ஜேக்கப் ஜூமா, காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ஒரே கூரையின்கீழ் சிகிச்சை அளிக்கப்படும் என்று அறிவித்தார். செவிலியர்களே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கலாம் என்ற மாற்றமும் அடுத்த ஆண்டில் வந்தது. இரண்டே மணி நேரத்தில் முடிவு சொல்லும் மூலக்கூறு சோதனைக்கு 2010 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

வேலை முடிந்துவிடவில்லை. 2023-இல் உலகில் 12.5 இலட்சம் பேர் காசநோயால் இறந்தார்கள். அவர்களில் 1,61,000 பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தவர்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆப்பிரிக்காவின் பல நிலையங்களில் ஆலோசகர்களும் களப்பணியாளர்களும் வேலையிழந்தார்கள். பிறர் பணத்தில் நடக்கும் சேவை எவ்வளவு உறுதியானது என்று பொருளியல் வகுப்பில் விவாதிக்க இது நல்ல கேள்வி.

வகுப்பறையில்

ஒரு கற்பனைக் கணக்கோடு தொடங்கலாம். ஒரு பெண்ணின் ஊரிலிருந்து மருத்துவ நிலையம் 12 கி.மீ. காசநோய் மருந்துக்கு மாதம் ஒரு செவ்வாய், எச்.ஐ.வி. மருந்துக்கு மாதம் ஒரு வெள்ளி. ஆறு மாதத்தில் அவர் நடப்பது எவ்வளவு? 288 கி.மீ. ஒரே நாளில் இரண்டும் கிடைத்தால் 144. ஏழாம் வகுப்பு மாணவரும் போட்டுவிடுவார். விட்டுப்போன கூலியையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னால் விவாதம் தானே தொடங்கும். பிறகு குழுக்களாகப் பிரித்து, ஒரு கரும்பலகை அளவுத் தாளில் மருத்துவ நிலையம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். பதிவு எங்கே, காத்திருப்பு எங்கே, சன்னல் எந்தப் பக்கம், இருமுபவர் எந்த வழியாக வருவார்? ஒரு குழு வரைந்ததில் மற்றொரு குழு குறை கண்டுபிடிக்கட்டும்.

நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையம் இருக்கிறது. காசநோய்ப் பிரிவும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி அனுப்புகிறார்கள் என்று ஒரு சுகாதாரப் பணியாளரை அழைத்துப் பேச வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை, எல்லா நிலை ஆசிரியர்களுக்கும். நம் வகுப்பில் எச்.ஐ.வி. தொற்றுடன் பிறந்த குழந்தை இருக்கலாம். வீட்டில் ஒருவர் காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே 'உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. நமக்குத் தெரிந்திருந்தாலும் சக ஆசிரியரிடம்கூடச் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் சம்மதமின்றி அவருடைய நிலையை வெளியிடுவதையும், கல்வி நிலையத்தில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. 'எய்ட்ஸ் நோயாளி' என்பதற்குப் பதிலாக 'எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்' என்று பழக்குங்கள். தொடக்கநிலையில் நோயின் பெயர் எதுவும் தேவையில்லை. இருமும்போது வாயை மூடுவது, சன்னலைத் திறந்துவைப்பது, மருந்து சாப்பிடுகிற நண்பனோடு சேர்ந்து உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுவது ஆகியவை போதும்.

எப்போது நடத்துவது என்ற கேள்வி வரும். உலகக் காசநோய் நாளான மார்ச் 24 பொதுத்தேர்வு நேரத்தில் வருகிறது. அன்று யாருக்கும் மனம் இருக்காது. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பு வருகிறது. உறுதிமொழி வாசிக்கும் அந்த நாளிலேயே இரண்டு பாடவேளைகளை ஒதுக்கி இரண்டையும் சேர்த்து நடத்திவிடலாம்.